மட்டை வீச்சு பிறந்த கதை

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி மைதானத்தில் மட்டையுடன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு சாஃப்ட்பால், இடம் அமெரிக்காவின் ஏதோ ஒரு சிற்றூர். வேலிக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் விடாமல் குரல் கொடுக்கிறார்.

"பந்து மட்டையில் படும்வரை கண்ணை எடுக்காதே!"

"மேலிருந்து கீழாக அடி!"

"பின்காலால் பூச்சியை நசுக்குவதுபோல் திருகு!"

"இடுப்பைத் திருப்பு!"

நான்கு கட்டளைகள். பந்து வந்து சேர்வதற்கோ அரை நொடிதான் ஆகிறது. சிறுமி எதைச் செய்வாள்? பெரும்பாலும் மட்டை காற்றைத்தான் அடிக்கும். பத்து முறை இப்படி நடந்தால், "எனக்கு இது வராது" என்று அவள் மைதானத்தை விட்டே போய்விடவும் கூடும்.

இந்தக் கட்டளைகளை யார் கண்டுபிடித்தார்கள்? அவை உண்மையா? இதைத் தேடிப் புறப்பட்டால் நூற்றாண்டுக்கும் மேலான அறிவியல் வரலாறு ஒன்று நம்முன் விரிகிறது. வாருங்கள், பார்ப்போம்.

இரட்டைப் பிறப்பு

1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். சிக்காகோ நகரின் ஃபாரகட் படகுக் கழகத்தில் இளைஞர்கள் சிலர் கூடியிருந்தார்கள். ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த கால்பந்துப் போட்டியின் முடிவை அறியக் காத்திருந்தவர்கள் அவர்கள். முடிவு வந்ததும் உற்சாகத்தில் ஒருவர் பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எடுத்து எறிந்தார். இன்னொருவர் அதை ஒரு கழியால் திருப்பி அடித்தார். அருகில் இருந்த ஜார்ஜ் ஹான்காக் என்பவருக்கு ஒரு யோசனை உதித்தது. கையுறையை உருண்டையாகக் கட்டினார். தரையில் சாக்கட்டியால் கோடு கிழித்தார். கூடத்துக்குள்ளேயே பேஸ்பால் ஆட வைத்தார். இன்று நாம் சாஃப்ட்பால் என்று அழைக்கும் ஆட்டத்தின் தொடக்கம் இதுதான். அந்தப் பெயரே 1926-இல்தான் முன்மொழியப்பட்டது.

அதே 1887-இல் இன்னொரு நிகழ்ச்சியும் நடந்தது. எட்வர்டு மைபிரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எடுத்த 781 படத்தொகுதிகளை வெளியிட்டார். நடப்பது, ஓடுவது, தாவுவது எனப் பலவகை அசைவுகளை வரிசையாகப் பல கேமராக்களால் படம்பிடித்த தொகுதிகள் அவை. மட்டையை வீசும் பேஸ்பால் ஆட்டக்காரரும் அவற்றில் இடம்பெற்றார். கண்ணுக்குப் பிடிபடாத மட்டை வீச்சு துண்டுதுண்டாக வெட்டப்பட்டு மனிதனின் பார்வைக்கு வந்தது.

ஆட்டமும், ஆட்டத்தை ஆராயும் கருவியும் ஏறக்குறைய ஒன்றாகப் பிறந்தன. ஆயினும் இவை இரண்டும் மைதானத்தில் கைகோக்க நூறாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மைதானத்தை ஆண்டவை வாய்மொழி வழக்குகளே.

கண்ணால் தொடர முடியாத பந்து

முதற் கட்டளையை எடுத்துக்கொள்வோம். பந்து மட்டையில் படும்வரை அதைப் பார்க்க முடியுமா?

1984-இல் டெரி பாஹில், டாம் லாரிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிளாஸ்டிக் பந்தை ஒரு நூலில் கோத்து, மோட்டாரால் வேகமாக இழுத்து, மட்டையாளரை நோக்கி வரச் செய்தார்கள். அவருடைய கண்ணும் தலையும் திரும்பும் அளவைக் கருவிகளால் பதிவு செய்தார்கள். முடிவு என்ன தெரியுமா? தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரரால்கூட, பந்து ஏறத்தாழ 5.5 அடி தொலைவுக்கு வரும்வரைதான் அதைக் கண்ணால் தொடர முடிந்தது. அதன்பின் பந்து கண்ணை முந்திவிட்டது.

காரணம் எளியது. தொலைவில் வரும் ரயில் மெதுவாக நகர்வதுபோல் தோன்றுகிறது. நடைமேடையில் நம்மைக் கடக்கும்போதோ தலையைத் திருப்பினாலும் தொடர முடிவதில்லை. பந்தும் அப்படித்தான். அருகே வர வர, கண் திரும்ப வேண்டிய கோண வேகம் மளமளவென்று ஏறுகிறது.

ஆக, "பந்தைப் பார்" என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் பார்க்க வேண்டியது தொடக்கத்தில், பந்து வீசுபவரின் கையிலிருந்து விடுபடும் நேரத்தில். மட்டையாளரின் முடிவு அங்கேதான் பிறக்கிறது.

உலகின் சிறந்த மட்டையாளர் திணறிய நாள்

டெட் வில்லியம்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் பெயரை அமெரிக்கச் சிறுவர்கள் பலர் அறிவார்கள். 1941-இல் அவருடைய மட்டைச் சராசரி .406. அதாவது ஆயிரத்துக்கு 406 என்ற வீதத்தில் வெற்றி அடி. அவருக்குப் பின் அமெரிக்கன் லீக்கிலோ நேஷனல் லீக்கிலோ எவரும் ஒரு முழுப் பருவத்தில் .400-ஐ எட்டியதில்லை.

அவர் ஓய்வு பெற்ற பின், 1960-களின் தொடக்கத்தில், கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் ஒரு காட்சி ஆட்டம் நடந்தது. எதிரே பந்து வீசியவர் ஜோன் ஜாய்ஸ் என்ற இளம் சாஃப்ட்பால் ஆட்டக்காரி. பந்தின் சுற்றளவு 12 அங்குலம், பேஸ்பாலைவிடப் பெரியது. வீச்சோ இடுப்பருகே கையைச் சுழற்றிக் கீழிருந்து விடும் வீச்சு. வில்லியம்ஸ் திரும்பத் திரும்ப மட்டையைச் சுழற்றியும் ஒரு நல்ல அடி அடிக்க முடியவில்லை.

ஏன்? நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்று பெண்கள் சாஃப்ட்பாலில் வீசும் தூரம் 43 அடி, அதாவது 13.1 மீட்டர். வீசுபவர் முன்னே எட்டி வைத்து விடுவதால் பந்து கடப்பது சுமார் 11.3 மீட்டர்தான். வேகம் மணிக்கு 105 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 29 மீட்டர். வந்து சேரும் நேரம் 0.39 நொடி. பேஸ்பாலில் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்கு ஏறத்தாழ 0.42 நொடி. 'மென்பந்து' என்று பெயர் பெற்ற ஆட்டம் மட்டையாளருக்குத் தரும் நேரம் அதைவிடக் குறைவு! ஜாய்ஸின் காலத்தில் பெண்கள் வீசும் தூரம் இன்னும் குறைவு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மட்டையைச் சுழற்றுவதற்கு மட்டும் சுமார் 0.15 நொடி தேவை. மீதியுள்ள கால் நொடிக்குள் பார்த்து, கணித்து, முடிவெடுக்க வேண்டும். இந்த நேரத்தில் நான்கு கட்டளைகளை நினைவுபடுத்திக்கொள்ள யாரால் முடியும்?

கீழே வெட்டுவதா, மேலே ஏற்றுவதா?

வில்லியம்ஸ் தம் அனுபவத்தை 1970-களின் தொடக்கத்தில் நூலாக்கினார். 'அடித்தலின் அறிவியல்' என்று பொருள்படும் பெயரில் வந்த அந்நூலில் அவர் துணிந்து ஒன்றைச் சொன்னார். மட்டை கீழ்நோக்கி வெட்டக் கூடாது. தரைக்கு இணையாகவும் போகக் கூடாது. சற்றே மேல்நோக்கி ஏற வேண்டும். மேட்டில் நின்று எறியப்படும் பந்து இறங்கி வருகிறது. எனவே மட்டை அதே கோட்டில் எதிர் சென்றால்தான் சந்திப்பு உறுதியாகும் என்பது அவர் வாதம்.

"சாஃப்ட்பாலில் மேடு இல்லையே! பந்து இடுப்பளவிலிருந்துதானே வருகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 0.39 நொடியில் புவியீர்ப்பு பந்தை எவ்வளவு கீழே இழுக்கும்? பள்ளியில் படித்த சமன்பாடுதான்: நேரத்தின் இருமடியை 4.9-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் வரும். பந்து முதலில் சற்று மேலே ஏறி, வளைந்து, மட்டையாளரை அடையும்போது சுமார் 3 பாகை சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும். பந்துக்குப் பின்சுழற்சி கொடுத்தால் இந்த இறக்கம் குறையும். அதனால்தான் பந்து எழும்புவதுபோல் தோன்றுகிறது.

சிறுமியர் ஆட்டத்தில் கணக்கு இன்னும் தெளிவு. 35 அடித் தூரத்திலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் பந்து வரச் சுமார் 0.55 நொடி ஆகும். புவியீர்ப்பின் இழுப்பு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். இறங்கும் சரிவு 8 பாகைக்கும் மேல். இப்படி இறங்கிவரும் பந்தை இன்னும் கீழ்நோக்கி வெட்டச் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பாதைகளும் கத்தரிக்கோலின் அலகுகள்போல் ஒரே ஒரு புள்ளியில்தான் குறுக்கிடும். நொடியில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் அடி தவறும். இரண்டு பாதைகளும் ஒரே கோட்டில் அமைந்தால், சற்று முந்தினாலும் பிந்தினாலும் மட்டை பந்தைச் சந்திக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே இந்தச் சலுகை அதிகம் தேவை அல்லவா?

பூச்சியை நசுக்கலாமா?

மட்டையின் வேகம் கையிலிருந்து பிறக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். சாட்டையைச் சொடுக்கிப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். கைப்பிடியின் மெதுவான அசைவு நுனிக்குச் செல்லச் செல்ல வேகமாகி, கடைசியில் 'சடார்' என்று ஒலிக்கிறது. உடலும் அப்படி ஒரு சங்கிலியே.

1995-இல் வெளியான ஓர் ஆய்வு, தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வீச்சை அளந்தது. இடுப்பின் உச்ச வேகம் நொடிக்கு 714 பாகை. அடுத்துத் தோளின் உச்ச வேகம் 937 பாகை. முடிவில் மட்டையின் வேகம் நொடிக்கு 31 மீட்டர். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் இடுப்பு, பிறகு தோள், பிறகு கை, கடைசியில் மட்டை. ஒவ்வொரு கண்ணியும் வேகம் குறையும்போது தன் கோண உந்தத்தை அடுத்ததற்குக் கொடுத்துவிடுகிறது.

இதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. முன்கால் ஊன்றும்போது தரையை அழுத்தும் விசை உடல் எடையின் 123 விழுக்காடு. ஓடும் பேருந்து திடீரென்று நின்றால் நிற்பவர்களின் கால் நின்றுவிட, உடல் முன்னே பாய்கிறது. முன்கால் தடுத்து நிறுத்த, மேலுடல் சுழலுவதும் அதே வகையில்தான். எடை முன்காலுக்குப் போகும்போது பின்கால் பாதம் இலேசாகி, பலருக்குத் தரையை விட்டே எழும்புகிறது. அப்படியானால் பூச்சியை நசுக்குவது யார்? பின்காலைத் தரையில் அழுத்தித் திருகச் சொன்னால், எடை பின்னாலேயே தங்கிவிடுகிறது. சங்கிலியின் முதற் கண்ணியே பூட்டப்பட்டுவிடுகிறது.

உண்மையான கட்டளையும் உதவாதபோது

நான்காவது கட்டளை மிஞ்சியிருக்கிறது. "இடுப்பைத் திருப்பு" என்பது உண்மைதானே? அதைச் சொல்வதில் என்ன தவறு?

இங்கே மாஸ்கோவுக்குப் போக வேண்டியிருக்கிறது. 1920-களில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியலாளர் அங்குள்ள மையத் தொழில் நிறுவனத்தில், சுத்தியல் அடிக்கும் தொழிலாளரின் கையில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம்பிடித்தார். கை தேர்ந்தவரின் ஒவ்வோர் அடியும் அச்சுப்போல் ஒன்றாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? இல்லை. தோளும் முழங்கையும் சென்ற பாதை அடிக்கு அடி மாறியது. சுத்தியல் சென்று படும் இடம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. உடல் ஒவ்வொரு முறையும் சிக்கலைப் புதிதாகத் தீர்க்கிறது என்று அவர் உணர்ந்தார்.

1998-இல் ஜெர்மானிய ஆய்வாளர் காப்ரியேலே வுல்ஃபும் அவருடைய குழுவினரும் இதற்கு அடுத்த படியை எடுத்து வைத்தார்கள். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றில், ஒரு குழுவினரிடம் "உங்கள் பாதத்தைக் கவனியுங்கள்" என்றார்கள். இன்னொரு குழுவிடம் "பலகையின் அடியில் உள்ள சக்கரத்தைக் கவனியுங்கள்" என்றார்கள். இரண்டாம் குழுவே நன்றாகக் கற்றது. தன் உறுப்பை எண்ணுகிறவர் தடுமாறுகிறார். செயலின் விளைவை எண்ணுகிறவரின் உடல் வழியைத் தானே கண்டுகொள்கிறது.

இடுப்பு முதலில் திரும்ப வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய உண்மை. சிறுமிக்குச் சொல்ல வேண்டியதோ, "அந்த வேலியைத் தாண்டி அடி" என்பதுதான்.

சிறுமிகள் மைதானத்துக்கு வந்தபோது

1972-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்றது அது. 1974-இல் லிட்டில் லீக் என்ற சிறுவர் அமைப்பு சிறுமியருக்குக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு சாஃப்ட்பால் பிரிவையும் தொடங்கியது. 1996-இல் பெண்கள் சாஃப்ட்பால் ஒலிம்பிக்கிலும் நுழைந்தது. லட்சக்கணக்கான சிறுமிகள் மட்டை ஏந்தினார்கள். கற்பிக்க வந்தவர்களில் பலர் பெற்றோர். அவர்கள் அறிந்ததோ தம் இளமையில் கேட்ட பேஸ்பால் பழமொழிகள். அடி விழவில்லை என்றால் "பெண்பிள்ளைதானே" என்று சொல்லிவிடுவது எளிதாக இருந்தது. குறை சிறுமியிடம் இல்லை, சொல்லப்பட்ட சொல்லில் இருந்தது என்பதைக் கேமராவும் கணக்கும் மெல்லத்தான் காட்டிக்கொடுத்தன.

இன்று நல்ல பயிற்சியாளர் என்ன செய்கிறார்? கைக்கு அடங்கும் இலேசான மட்டையைக் கொடுக்கிறார். கனமான நீண்ட மட்டை சுழற்சிக்குத் தடை. அதைத் தூக்கவே முழு உடலும் கோணிப்போகும். ஓடாத பந்தை நிறுத்துகோலின் மேல் வைத்து அடிக்கச் செய்கிறார். கோலின் உயரத்தை மாற்றுகிறார், இடத்தை மாற்றுகிறார். அடிக்க வேண்டிய இலக்கைக் காட்டுகிறார். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறார். பிறகு பேசாமல் நிற்கிறார்.

நாம் தொடக்கத்தில் விட்டுவந்த சிறுமி இன்னும் மட்டையுடன் நிற்கிறாள். வேலியருகே இப்போது சத்தம் இல்லை. பந்து வீசுபவரின் கையை அவள் கூர்ந்து பார்க்கிறாள். நீங்களும் ஒரு நாள் யாருக்காவது நீச்சலோ சைக்கிளோ மட்டை பிடிக்கவோ கற்றுக்கொடுக்க நேரலாம். வாயைத் திறக்குமுன், சொல்லப்போவது உண்மையா என்று ஒரு முறையும், அது அந்தக் குழந்தைக்கு இப்போது உதவுமா என்று இன்னொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்.