ஆக்ரா நகரும் ஒரு பொய்க்கதையும்

ஆக்ரா நகரத்து மொகலாயர் கட்டடங்களை ஒரு பகற்பொழுதிற் கண்டு மீண்ட செய்தியை எழுதுமாறு நம் சங்கத்து அன்பர் சிலர் வற்புறுத்தி வந்தனர். கண்டவற்றை எல்லாம் எழுதப் புகின் இவ்விதழ் முழுவதும் போதாது. ஆதலின் யாம் நெடுங்காலம் பிழைபடக் கற்பித்து வந்த கதை ஒன்றனையும், அதனைச் சார்ந்து ஆங்குக் கண்டவற்றையுமே ஈண்டுக் கூறுகின்றோம்.

தாஜ்மகாலைக் கட்டி முடித்த தொழிலாளர் அதனை ஒத்த பிறிதொன்றை எங்கும் சமைத்தல் கூடாதென்று கருதி, ஷாஜகான் அவர்தம் கைகளைத் துணிப்பித்தான் என்பதே அக்கதை. இளமையிற் கேட்ட அதனை, ஆசிரியத் தொழில் ஏற்ற பின் வகுப்பிலும் சுவைபடச் சொல்லி வந்தோம். பல்லாண்டுகட்கு முன் ஒருநாள், பின்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கையை வெட்டிவிட்டால் அப்புறம் தில்லிக் கோட்டையை யார் கட்டினார்கள்?" என வினவினான். விடை அறியாமையால் எமக்குண்டான சினத்தை அவனது குறும்பின்மேல் ஏற்றி, அந்தப் பாடவேளை முழுதும் அவனை நிற்க வைத்தோம். அவன் நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றன் பிள்ளை.

எம் இல்லாளும் உடனாசிரியர் இருவரும் எம்மோடு வந்தனர். அந்நகரத்து முதியவர் ஒருவர் வழிகாட்டியாக அமைந்தார். இந்தியும் ஆங்கிலமும் விரவிய அவர் பேச்சில் ஐயமுற்ற இடங்களை உடனாசிரியருள் ஒருவர் விளக்கிக் கூறினார். கதிரவன் எழும் வேளையில், செம்மணற்கல்லாலாகிய பெருவாயிலின் முன் நின்றோம். வாயிலைச் சூழப் பொறித்த அரபு எழுத்துகள் மேலே செல்லச் செல்லப் பெரிதாக அமைக்கப்பெற்று, நிலத்தில் நின்று நோக்குவார்க்கு ஓரளவினவாகத் தோன்றுகின்றன. இவற்றை வகுத்தவர் பாரசீகத்து ஷீராஸ் நகரில் தோன்றிய அமானத்கான் என்பவர். தாஜ்மகாலிற் பொறிக்கப்பட்ட தொழில் வல்லார் பெயர் அவருடையது ஒன்றே.

வாயிலைக் கடந்து வெண்பளிங்குக் கோயிலை முதன்முதற் கண்டபொழுது யாவரும் வாளா நின்றோம். படங்களிற் பன்முறை கண்டதுதானே என்ற எண்ணம் அக்கணமே அகன்றது. மும்தாஜ் தம் பதினான்காம் மகப்பேற்றின்போது 1631-இல் புர்ஹான்பூரில் இறந்ததையும், உடல் முதலில் ஆங்கே அடக்கப்பெற்றுப் பின்னர் ஆக்ராவுக்குக் கொணரப்பட்டதையும், 1632-இல் வேலை தொடங்கியதையும், பளிங்குக்கல் இராசபுதனத்து மக்ரானாவிலிருந்து வந்ததையும் முதியவர் முறையாகக் கூறினார். இருபதினாயிரவர் இருபத்திரண்டு ஆண்டு உழைத்தனர் என்று பிரெஞ்சு மணிவணிகர் தாவர்னியே எழுதியிருப்பதையும் சொன்னார். இறுதியில் வலக்கையால் இடக்கை மணிக்கட்டை வெட்டுவதுபோற் காட்டி, அக்கதையை எடுத்தார். யாம் வகுப்பிற் காட்டும் அதே கைக்குறி! எமக்கு நாணமாயிற்று.

அச்சிறுவனின் வினாவையே அவரிடம் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "மாஸ்டர்ஜி, நான் சொல்லாவிட்டாலும் வருகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்" என்றார். தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதென்பதை நம்மவரும் இவ்வாறன்றோ கேட்டு வாங்குகின்றனர்!

பின்னர் அவர் எம்மைச் செங்கல் தளம் அன்று, செம்மணற்கல் பாவிய தளத்தின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, குனிந்து காணச் சொன்னார். கல்லின்மேல் விண்மீன் போலவும் அம்பு போலவும் சிறு குறிகள் உளியால் வெட்டப்பட்டிருந்தன. அவை கற்றச்சர் தத்தம் வேலையை அடையாளங் காட்ட இட்டவை. மேலே வானளாவும் குவிமாடத்தைப் பலரும் அண்ணாந்து பார்க்க, காலடியில் கிடக்கும் இக்குறிகளைக் கடந்தே செல்கின்றனர். பெயர் தெரியாத அம்மக்கள் விட்டுச்சென்ற கையெழுத்து இதுவே. கை உள்ள காலத்திட்ட எழுத்து!

இனி, கதைக்கு வருவோம். தாஜ்மகால் வேலை முடிவதற்குள்ளாகவே, 1639-இல், ஷாஜகான் தில்லியிற் செங்கோட்டைக்கு அடிக்கல் இட்டான். அஃது 1648-இல் முடிந்தது. உஸ்தாத் அகமது லாகோரி என்பாரே இவ்விரண்டையும் வகுத்தவர் என அவர்தம் மகன் பாடியிருக்கிறார். முன்னர்க் கூறிய அமானத்கானும் தம் எழுத்துவேலை முடிந்தபின் அமிர்தசரசை அடுத்து ஒரு சத்திரம் கட்டி, அதற்கும் தாமே எழுத்துப் பொறித்தார். 1652-இல் ஔரங்கசீப் தந்தைக்கு விடுத்த மடலில், மழைக்காலத்துக் குவிமாடம் ஒழுகுகின்றதெனக் குறித்துள்ளார். கைகளெல்லாம் வெட்டுண்டிருப்பின் ஒழுக்கை அடைப்பவர் யாவர்? அக்காலத்து நூல் எதனிலும் கைவெட்டிய செய்தி இல்லை. ஷாஜகானைக் கொடியவன் அல்லன் என்பது எம் கருத்தன்று. அரியணைக்காக உடன்பிறந்தார் உயிரைக் கொண்டவன் அவன். செய்த கொடுமை இருக்கச் செய்யாததைச் சுமத்துவானேன் என்பதே எம் வினா.

யமுனையின் மறுகரையில் நூர்ஜகான் தம் தந்தைக்கு எடுப்பித்த இதிமாதுத்தௌலா சமாதியையும், அக்பர் 1565-இல் தொடங்கிய கோட்டையையும் நண்பகலிற் கண்டோம். 1658 முதல் 1666-இல் உயிர் நீங்கும்வரை ஷாஜகான் சிறையிருந்த அக்கோட்டையின் எண்கோண மாடத்திலிருந்து நோக்கினால், ஆற்றின் வளைவுக்கப்பால் தாஜ்மகால் சிறியதாகத் தெரிகின்றது. வெயிலின் கொடுமையால் ஆங்கு நெடிது நிற்கவில்லை.

மாலையில் தாஜ்கஞ்சுத் தெருவில், பளிங்கில் வண்ணக்கல் பதிக்கும் தொழிற்கூடம் ஒன்றுள் புகுந்தோம். பளிங்கின்மேற் சிவப்புச் சாயம் பூசி, அதன்மேற் கோடிட்டுக் குழிபறித்து, சாணைச் சக்கரத்திற் தேய்த்த இதழ்களை ஒருவர் ஒவ்வொன்றாய்ப் பொருத்திக்கொண்டிருந்தார். நகக்கண் அளவுள்ள ஓரிதழை மும்முறை தேய்த்தும் பொருந்தாமையால் நான்காம் முறை தேய்த்தார். தம் முன்னோர் தாஜ்மகாலில் வேலை செய்தவர் என்றார் அவர். முதியவர் கைவெட்டிய கதையைக் கூறி எம் ஐயத்தையும் உரைக்க, அவர் பொடி படிந்த இரு கைகளையும் உயர்த்திக் காட்டி, "இந்த வேலையைப் பாட்டனாருக்கு யார் கற்றுக்கொடுத்தார்களாம்?" என்று சிரித்தார்.

தளத்திற் கண்ட விண்மீன் குறி ஒன்றை எம் குறிப்பேட்டில் வரைந்து வந்துள்ளோம். வினவிய அம்மாணவர் இன்று வெளியூரிற் கட்டடப் பொறியாளராய் உள்ளார். அவர் தந்தையார் இவ்விதழைத் தவறாது பெறுபவர். அன்று நிற்கவைத்த பிழையைப் பொறுத்தருளுமாறு வேண்டி, அக்குறியின் படியொன்றை அவர்க்கு இத்துடன் விடுக்கின்றோம்.