புயல் அறியாக் கரையும் புயல் என்னும் சொல்லும்

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் புயல் என்னும் சொல் வருகிறது. அங்கு அதன் பொருள் மழை. உழவன் ஏர் பூட்டுவதற்கு ஆதாரமான வருவாயாகவே வள்ளுவர் அதனைக் காண்கிறார். சங்கப் பாடல்களிலும் இச்சொல் முகிலையும் முகில் பொழியும் நீரையும் குறித்து வழங்கியது. மரத்தை வேரோடு சாய்க்கும் பெருங்காற்று என்னும் பொருள் காலப்போக்கில் ஓங்கி, இன்று மற்றப் பொருள்களை மறைத்து நிற்கிறது. வரமாக இருந்த சொல் அச்சமாக மாறிய இம்மாற்றம் தமிழ்நாட்டின் கீழைக் கரையில் வாழ்ந்தோர்க்கு வியப்பளிக்காது. மழையும் பெருங்காற்றும் அவர்களுக்கு ஒரே திசையிலிருந்து, ஒரே பருவத்தில், பெரும்பாலும் ஒரே நாளில் வந்தன. அக்கரையிலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்தவர்களிடம் இச்சொல் என்னவாயிற்று என்பதே நம் கேள்வி.

வந்தவர்களின் வழியை முதலில் நினைவுகொள்வோம். மலாக்காவுக்குத் தமிழர் வந்தது தோட்டக் காலத்துக்கு மிக முந்திய செய்தி. பருவக்காற்றை நம்பிய பாய்மரக் காலத்தில் மேற்கிலிருந்து வந்த கப்பலும் கிழக்கிலிருந்து வந்த கப்பலும் காற்று மாறும்வரை தங்கிய துறைமுகம் அது. இப்பகுதியை மலாய் மக்கள் 'காற்றுக்குக் கீழுள்ள நாடு' என்றும், இந்தியா முதலிய மேற்கு நாடுகளைக் 'காற்றுக்கு மேலுள்ள நாடு' என்றும் வழங்கினர். காற்றையே நாட்டெல்லையாகக் கொண்ட அழகிய வழக்கு இது. தோட்டத் தமிழர் வந்தது நீராவிக் கப்பல் காலத்தில். 1896-ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் ரப்பர் வரலாறு இம்மாநிலத்தில்தான் தொடங்குகிறது. தோட்டங்கள் பெருகப் பெருக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆள் ஏறினர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும்வரை அவ்வோட்டம் தொடர்ந்தது. 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் பல குடும்பங்களின் வாயில் உண்டு.

நாகப்பட்டினம் புயலை நன்கறிந்த ஊர். 1952 நவம்பர் இறுதியில் வீசிய புயலை முதியோர் நெடுங்காலம் பேசிவந்தனர். 2018 நவம்பரில் கஜா அதே கரையைச் சிதைத்தது. இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்று முதல் பதினொன்று வரை எண் உடையது. 'கூண்டு ஏற்றிவிட்டார்கள்' என்ற செய்தி கேட்டதும் கடலுக்குப் போகாமை, படகை மேட்டுக்கு இழுத்தல், கூரையைக் கயிற்றால் கட்டுதல் என்று கைகள் தாமே இயங்கும். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய மொழி அக்கூண்டு.

மலாக்காத் துறையில் அத்தகைய கூண்டுக்குத் தேவை இருந்ததில்லை. புயல் சுழல்வதற்குப் புவியின் தற்சுழற்சி தரும் பக்கவிசை வேண்டும். நிலநடுக்கோட்டில் அவ்விசை இல்லை. அதனை விட்டு விலக விலகத்தான் வலுப்பெறும். ஏறத்தாழ ஐந்து பாகைக்குள் புயல் உருவாகாது என்று பாடநூல்கள் எழுதின. நாகப்பட்டினம் பத்துப் பாகைக்கும் வடக்கே இருக்கிறது. மலாக்காவோ இரண்டு பாகையை ஒட்டி இருக்கிறது. மேலும், வடகிழக்குப் பருவக்காற்று இங்கு மலைத்தொடரைக் கடந்து, தன் நீரின் பெரும்பகுதியைக் கிழக்குக் கரையில் இறக்கிவிட்டே வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்தாலும் அது பல மாதங்களில் பரவிப் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மட்டும் இங்கும் மழை ஓங்குவதால், தீபாவளியோடு சேர்ந்த மழை நினைவு கடல் கடந்தும் பொய்க்கவில்லை. தமிழ் மாதப்பெயர்கள் தோட்டங்களில் நிலைத்ததற்கு இப்பொருத்தமும் ஒரு காரணமாகலாம்.

ஆயினும் காற்றில்லா நாடு அன்று இது. நீரிணையின் இருகரைகளிலிருந்தும் இரவில் கடல் நோக்கி வீசும் நிலக்காற்றுகள் நடுவே சந்திக்கும்போது இடிமுகில்கள் வரிசையாக எழும். தென்மேற்குக் காற்று அவ்வரிசையைத் தள்ளிக்கொண்டு வந்து விடியலுக்குச் சற்று முன்னோ விடியலிலோ கரையில் மோதும். ஆங்கில மாலுமிகள் இதற்குச் 'சுமத்ரா' என்றே பெயரிட்டனர். ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் காற்றுத்தான். எனினும் சிறிதென்று எண்ணற்க. 1984 ஏப்ரல் 25-ஆம் நாள் சிங்கப்பூரில் இத்தகைய காற்று மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

அது வரும் நேரத்தை உற்று நோக்க வேண்டும். ரப்பர் மரத்தில் பால் மிகுதியாக வடிவது விடியற்காலையில். ஆகவே இருள் பிரியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, விளக்கோடு நிறைக்குப் போய் மரம் வெட்டினர். சுமத்ராவும் அந்நேரத்தைத்தான் தேர்ந்துகொண்டது. பட்டை நனைந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழியும்; மங்கில் விழுந்த பாலோ மழைநீரோடு கலந்து கெடும். காற்றில் முறிந்த மரம் வெட்டுபவரின் நிறையில் ஒன்று குறைந்த மரம். அன்று வெட்டு இல்லை என்றால் நாட்கூலிக்காரருக்கு வருவாய் குறைந்தது, அல்லது இல்லாமலே போயிற்று. பெப்ரவரியை ஒட்டிய இலையுதிர் காலத்தில் பால் குறையும். மழைக்காலத்தில் வெட்டு குறையும். இரண்டுக்கும் இடையில் கிடைத்த நாள்களைக் கொண்டே ஆண்டை ஓட்டினர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-இல் தோன்றியது. எனினும் மழைக்கும் வறட்சிக்கும் அஞ்சாத மாதச் சம்பளம் என்னும் கோரிக்கை உடன்பாடாவதற்கு இந்நூற்றாண்டின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியும் துண்டாடப்பட்டும் போயின.

இங்கே மொழிநூலார் கவனிக்க வேண்டிய திருப்பம் ஒன்று உண்டு. தஞ்சைக் கழனியில் 'மழை வந்துவிட்டது' என்பது மகிழ்ச்சிச் செய்தி. மலாக்காத் தோட்டத்தில் அதே தொடர், அதே ஒலி, அதே இலக்கணம். பொருளோ இன்று சம்பளம் இல்லை என்பது. அகராதி இம்மாற்றத்தைக் காட்டாது. சொல்லின் பொருள் அகராதியில் பாதி, அடுப்பங்கரையில் பாதி என்று நாம் மாணவர்க்குச் சொல்லிவந்தது இதனை எண்ணித்தான்.

தோட்டந்தோறும் எழுந்த கோயிலோ மாரியம்மனுக்குரியது. மாரி என்பது மழை. அப்பெயரின் சொற்பிறப்பில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், தமிழ்நாட்டு ஊர்களில் அவள் மழை தருபவளாகவும் அம்மை நோயைத் தணிப்பவளாகவும் சேர்த்தே வணங்கப்பட்டாள். மழையால் கூலி இழக்கும் மக்கள் மழைத் தெய்வத்திடம் என்ன வேண்டியிருப்பர்? நகரத்துச் செட்டி மக்களின் வழக்கில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் தோட்டக் குடியேற்றத்துக்குப் பல நூற்றாண்டு முன்னரே வேரூன்றியவர்கள். வீட்டுமொழியாகத் தமிழை இழந்து மலாய் வழக்கொன்றைப் பேசுபவர்கள். ஆனால் வழிபாட்டை இழக்காதவர்கள். மாரியம்மன் திருவிழாவை அவர்கள் 'டத்தோ சாச்சார்' விழா என்கின்றனர். சாச்சார் என்பது மலாயில் அம்மை நோய். தெய்வத்தின் பெயர் மொழி மாறியபோது மழைப் பக்கம் உதிர்ந்து நோய்ப் பக்கம் மட்டும் நிலைத்திருக்கிறது. மழைக்கு ஏங்க வேண்டாத நாட்டில் மழைத் தெய்வத்துக்கு அவ்வேலை குறைந்துவிட்டது என்று கருதுகிறோம். இது நம் ஊகமே.

ஏங்க வேண்டாத நாடு என்பதையும் சற்றுத் திருத்தியே சொல்ல வேண்டும். 1991-இல் டுரியான் துங்கல் அணை வற்றி மாநிலம் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. 2020-இன் தொடக்கத்திலும் மலாக்காவில் நீர்ப்பங்கீடு நடைபெற்றது. தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளுள் இதுவும் ஒன்று என்பதைக் குழாய் வற்றும்போதுதான் நினைக்கிறோம்.

புயலுக்குத் திரும்புவோம். மூன்று தலைமுறைக்கு மேல் மலாக்காத் தமிழருக்குப் புயல் என்பது செய்தித்தாளில் வரும் சொல். தாயகத்து உறவினருக்கு நேர்வது. 2001 டிசம்பர் 26-ஆம் நாள் அந்நிலை அசைந்தது. தென்சீனக் கடலில், நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைத் தொலைவில், வாமேய் உருவாயிற்று. வடக்கிலிருந்து எழுந்த குளிர்க்காற்றும் போர்னியோவை ஒட்டிய காற்றுச்சுழலும் குறுகிய கடல்வெளியில் இணைந்தமையே காரணம் என்பர். மறுநாள் அது ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளத்தால் ஐவர் மாண்டனர். இத்தகையது நூறு முதல் நானூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழலாம் என்று ஆய்வாளர் கணித்தனர்.

ஐந்தாண்டுகள் கழித்து, 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும், ஜொகூரோடு மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங் ஆகியனவும் வெள்ளத்தில் மூழ்கின. ஜொகூரில் மட்டும் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். உத்தோர் சூறாவளியின் எச்சம் என்று செய்திகள் கூறின. குளிர்க்காற்றின் எழுச்சியே முதற்காரணம் என்று பின்வந்த ஆய்வுகள் கூறின. வீட்டுக்குள் நீர் புகுந்தவர்க்கு இவ்வேறுபாடு பயன்படாது என்றாலும், எதற்கு ஆயத்தமாவது என்று திட்டமிடுவோர்க்குப் பயன்படும். பெயர் பெற்ற சூறாவளிக்கு முன்னறிவிப்பு உண்டு. பெயரற்ற அடைமழை அவ்வாறு அறிவித்துக்கொண்டு வருவதில்லை.

2025 நவம்பரின் இறுதி வாரத்தில் நடந்தது இவை எல்லாவற்றினும் அரியது. மலாக்கா நீரிணையிலேயே ஒரு புயல் உருவாயிற்று. செனியார் எனப் பெயர் பெற்ற அது சுமத்ராவின் வடபகுதியில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, கிழக்கே திரும்பி, நீரிணையைக் கடந்து தீபகற்பத்தின் மேற்குக் கரையை எட்டியது. அதே வாரத்தில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியது. மலையகத்தில் மண்சரிவுகள் தமிழர் வாழும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளையும் விடவில்லை. ஒரே கரையிலிருந்து ஒரே நூற்றாண்டில் இரு திசைகளில் பிரிந்து சென்ற தோட்ட மக்களின் வாசலுக்கு ஒரே வாரத்தில் புயல் வந்தது.

நாகப்பட்டினத்துக்காரருக்குக் கூண்டு இருந்தது போல நமக்கு இருப்பது மலேசிய வானிலைத் துறையின் எச்சரிக்கை. தொடர்மழைக்கு மூன்று நிலைகள்: மஞ்சளுக்கு 'வஸ்படா', செம்மஞ்சளுக்கு 'புரோக்', சிவப்புக்கு 'பஹாயா'. வஸ்படா விழித்திருக்கச் சொல்வது, புரோக் மோசமான நிலை, பஹாயா ஆபத்து. இவற்றைத் தமிழில் தருவோர் ஆளுக்கொரு சொல்லை ஆள்வதும், எல்லா நிலைகளையும் 'கனமழை எச்சரிக்கை' என்னும் ஒரே தொடரில் அடக்கிவிடுவதும் நன்றன்று. எந்த நிலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேட்டுக்குப் போக வேண்டும் என்பது ஒரு பாட்டிக்குச் சொல்லிலிருந்தே விளங்க வேண்டும். விழிப்பு, கடுமை, ஆபத்து என்னும் மூன்றையும் நிறத்தோடு சேர்த்து நிலையாக ஆளலாம் என்பது நம் பரிந்துரை. இவற்றினும் சிறந்தவை கிடைப்பின் ஏற்போம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் ஒருமுறை இதனைச் சோதித்துப் பார்க்கலாம்: மூன்று நிறங்களைக் காட்டி, வீட்டில் உள்ள மூத்தவர் ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்வார், என்ன செய்வார் என்று மாணவரைக் கேட்டு எழுதி வரச் சொல்லலாம்.

பஹாயா என்னும் சொல்லுக்கு மட்டும் பெரியவர்கள் மொழிபெயர்ப்பைக் கேட்க மாட்டார்கள். தோட்டத்து மின்கம்பங்களிலும் பாலத்து ஓரங்களிலும் அதனைக் கண்டு பழகியவர்கள் அவர்கள். வடமொழியின் 'பய' என்பதிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல் அது. நம் பயம் அதன் உடன்பிறப்பு.