மார்வின் எதிர் மார்வின் வழக்கு

திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் இருவர் தமக்குள் செய்துகொள்ளும் சொத்து உடன்பாடு சட்டப்படி செல்லும் என்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் 1976 டிசம்பர் 27 அன்று தீர்ப்பளித்தது. மார்வின் எதிர் மார்வின் எனப்படும் இவ்வழக்கு அந்நாட்டுக் குடும்பச் சட்ட வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். ஆயினும் வழக்குத் தொடுத்த பெண்ணுக்கு இறுதியில் பணம் எதுவும் கிடைக்கவில்லை.

பின்னணி

ஹாலிவுட் நடிகர் லீ மார்வினும் பாடகி மிச்செல் டிரயோலாவும் 1964 அக்டோபர் முதல் 1970 மே வரை சேர்ந்து வாழ்ந்தனர். இக்காலத்தில் ஈட்டிய சொத்துகள் நடிகரின் பெயரிலேயே இருந்தன. பிரிந்த பின்னும் பணம் கொடுத்துவந்த அவர் 1971 நவம்பரில் அதை நிறுத்திவிட்டார். சம்பாதிப்பதைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதாக அவர் வாய்மொழியாக உறுதி தந்தார் என்றும், அதை நம்பியே தாம் தொழிலைக் கைவிட்டு வீட்டைக் கவனித்ததாகவும் கூறி டிரயோலா வழக்குத் தொடுத்தார்.

முறைப்படி மணம் புரியாமல் கணவன் மனைவியாக வாழ்வதையே திருமணமாக ஏற்கும் வழக்கத்தைக் கலிபோர்னியா 1895ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. ஆகவே மனைவி என்ற நிலையில் அவர் பங்கு கேட்க இயலவில்லை. உடன்பாட்டைக் காட்டியே கேட்க வேண்டியிருந்தது.

தீர்ப்பு

இத்தகைய உடன்பாடுகளை ஒழுக்கத்திற்கு மாறானவை என்று நீதிமன்றங்கள் ஒதுக்கிவந்த காலம் அது. பாலுறவுக்குக் கைம்மாறாகச் செய்யப்பட்ட உடன்பாடு மட்டுமே செல்லாது, மற்றவை செல்லும் என்று நீதிபதி மேத்யூ டோப்ரினர் எழுதினார். வாய்ச்சொல்லால் ஆன உடன்பாடும் செல்லும். இருவரும் நடந்துகொண்ட முறையிலிருந்தும் உடன்பாட்டை உய்த்துணரலாம் என்றது தீர்ப்பு.

பின்னர் வழக்கு விசாரணைக்குத் திரும்பியது. உடன்பாடு இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1979இல் விசாரணை நீதிமன்றம் முடிவு செய்தது. எனினும் டிரயோலா மறுவாழ்வு பெற 1,04,000 டாலர் வழங்க ஆணையிட்டது. வாரம் 1,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கான தொகை அது. 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனையும் நீக்கியது.

பின்விளைவுகள்

எல்லா மாநிலங்களும் இத்தீர்ப்பைப் பின்பற்றவில்லை. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1979இல் இதனை ஏற்க மறுத்தது. மினசோட்டா 1980இல் இயற்றிய சட்டம், உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையொப்பமிட வேண்டும் என விதித்தது. நியூ ஜெர்சியும் 2010இல் எழுத்து வடிவத்தைக் கட்டாயமாக்கியது.

உரிமை உண்டு என்று நீதிமன்றமே கூறிய பிறகும் சான்று இல்லாமையால் டிரயோலா தோற்றார். வீடு யாருக்குரியது, கடனை யார் அடைப்பது, பிரிந்தால் யாருக்கு எவ்வளவு என்பவற்றைச் சேர்ந்து வாழ்வோர் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியதன் தேவையை இவ்வழக்கு உணர்த்துகிறது.