சுட்டு எண்ணிக்கை

சுட்டு எண்ணிக்கை (ரெஃபரன்ஸ் கவுண்டிங்) என்பது, நிரலொன்றின் பல பகுதிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நினைவகம், கோப்பு முதலிய வளங்களை எப்போது விடுவிக்கலாம் எனத் தீர்மானிக்கும் முறை ஆகும். அமெரிக்கரான ஜார்ஜ் காலின்ஸ் 1960 ஆம் ஆண்டில் பட்டியல் தரவுகளுக்காக இதனை முன்வைத்தார்.

ஒவ்வொரு வளத்துடனும் ஓர் எண் வைக்கப்படும். ஒரு பகுதி அவ்வளத்தைப் பெறும்போது எண் ஒன்று கூடும். விடும்போது ஒன்று குறையும். சுழியம் ஆனதும் வளம் மூடப்படும். எனவே இம்முறையில் 'மூடு' என்னும் கட்டளை பெரும்பாலும் வளத்தை மூடுவதில்லை; தன் பங்கை விட்டுக்கொடுப்பதோடு சரி. பைத்தான் மொழியில் வலையிணைப்புக்கான சாக்கெட் நூலகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சாக்கெட்டிலிருந்து கோப்புப் பொருள்களை உருவாக்கியிருந்தால், சாக்கெட்டை மூடிய பின்னரும், அவை அனைத்தும் மூடப்படும்வரை இணைப்பு திறந்தே இருக்கும். மறுமுனைக் கணினி முடிவை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரிடும்.

யுனிக்ஸ் இயங்குதளத்திலும் இவ்வாறே. நிரலொன்று திறந்து வைத்துள்ள கோப்பை அழித்தால் அதன் பெயர் மட்டுமே மறையும்; நிரல் அதனை மூடும்வரை வட்டில் இடம் மீளாது. வட்டு நிரம்பியதால் பெரிய பதிவுக் கோப்பை அழித்தும், இடம் கிடைக்காமல் குழம்பிய நிருவாகிகள் பலர்.

எண்ணைக் குறைக்க மறந்தால் வளம் விடுபடாது. இருமுறை குறைத்தாலோ, பிறர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துவிடும். பின்னதே கொடியது, பாதுகாப்புக் குறைபாடுகளுக்கும் வழிவகுக்கும்.

ஒன்றையொன்று சுட்டும் இரு பொருள்களை வேறெவரும் பயன்படுத்தாவிடினும் அவற்றின் எண் சுழியத்தை எட்டாது. ஆதலால் 2000 இல் வெளிவந்த பைத்தான் 2.0, இத்தகைய சுழல்களைத் தேடி விடுவிக்கும் தனி வசதியைச் சேர்த்துக்கொண்டது.