முத்துக்கரையில் தலையணி யாருக்கு?

சென்ற வாரம் டச்சுக் கப்பல்கள் தூத்துக்குடியை நெருங்கும் இடத்தில் நிறுத்தியிருந்தோம். அவை வந்த 1658-ஆம் ஆண்டு இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும். அத்தனை பேரை இந்தக் கரைக்கு இழுத்த முத்து, கடைசியில் எந்தப் பெண்ணின் தலையில் ஏறியது என்று பார்க்காமல் மேலே போக மனம் வரவில்லை. தலையில் முத்தும் கெம்பும் பதித்த அணி இருந்தால் அவள் செல்வச் சீமாட்டி என்று எழுதிவிடுவது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. தலையணி சபை ஏறிய பெண்ணுக்கு உரியது. வீட்டுப் பெண்ணின் அந்தஸ்து காதில்தான் தொங்கியது.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடலாடு காதையில் மாதவி தலைக்கு மட்டும் தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என்று அடுக்கிக்கொள்கிறாள். அரங்கேறித் தலைக்கோல் பட்டம் பெற்றவள் அவள். பெருவணிகன் மகளான கண்ணகிக்குச் செல்வத்தில் என்ன குறை? ஆனாலும் அவள் கதையை இளங்கோ காற்சிலம்பில்தான் கட்டினார். கொற்கை முத்துக்கு உரிய பாண்டியன் மனைவியின் முத்தும் சிலம்புக்குள்தான் இருந்தது. பணம்தான் அளவுகோல் என்றால் இந்தக் கணக்கு இடிக்கிறது. பிற்காலத்தில் சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, சடைநாகம் என வளர்ந்த தலைசாமானும் அம்மன் சிலைக்கும் கோயிலில் ஆடியவர்களுக்குமே அன்றாட உரிமையாக இருந்தது.

முத்துக் குளித்தவன் வீட்டுக்கு முத்து எவ்வளவு வந்தது? 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய மார்க்கோ போலோ, பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவை மந்திரத்தால் கட்டும் கடல்கட்டிக்கு என்கிறார். பெரிய முத்து நாட்டைவிட்டே போகக் கூடாது, அரசனே வாங்கிக்கொள்வான். இந்தச் சீமையின் பெண்கள் நம்பியது பொன்னைத்தான். சிறுவயதில் காது குத்தி, பஞ்சு திணித்து, ஓலைச்சுருள் செருகி, ஈயக் குணுக்கு மாட்டி, மடல் தோளைத் தொடும்வரை வளர்த்துப் பாம்படம் போட்டார்கள். உள்ளே அரக்கு, மேலே பொன் தகடு. உருண்டையும் சதுரமும் கூம்புமாக அடுக்கிய வேலை. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். அவளுடைய சொந்த முதல் அது.

மணப்பெண் நெற்றிச்சுட்டி கட்டவில்லையா என்று கேட்கலாம். கட்டுகிறாள், அன்று அவளும் சபைக்கு நடுவே இருக்கிறாள். பல வீடுகளில் இரவலாக வாங்கிய அந்தச் சுட்டி மறுநாள் பெட்டிக்குள் போய்விடும். கழுத்துத் தாலியும் காதுப் பொன்னும்தான் நிற்கும். ஏழைப் பெண்ணும் அந்த ஒரு நாள் அதை அணிந்தாள் என்பதே செல்வக் கணக்கை உடைக்கிறது.

தூத்துக்குடிக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். 1555-இல் மணிலாவிலிருந்து வந்ததாக மரபு சொல்லும் பனிமய மாதா முடி சூடி நிற்கிறாள். ஆகஸ்ட் 5 திருவிழாவில் அவள் பவனி வரும்போது சுற்றி நிற்கும் பெண்கள் தலையில் இருப்பது சேலை முக்காடு. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை; முடியும் முக்காடும் அப்படியே இருக்கின்றன. இந்த மாதாவின் மக்களிடமிருந்து டச்சுக்காரர் கோவில்களைப் பறித்த கதை அடுத்த வாரம்.