ஜாவாவின் ஸ்லமெத்தான்

கந்தூரி என்னும் சொல்லைத் தமிழ் முஸ்லிம்களுக்கு விளக்கத் தேவையில்லை. உணவு பரிமாற விரிக்கும் துணியையே பாரசீகர் அப்பெயரால் அழைத்தனர். நம் கரையில் அது நேர்ச்சை விருந்தைக் குறிக்கலாயிற்று. ஜாவாத் தீவில் ‘கெந்தூரி’ ஆயிற்று. அவ்விருந்துக்கு ஜாவானியர் வழங்கும் மற்றொரு பெயர் ‘ஸ்லமெத்தான்’. ஈடேற்றம், நலம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லான ‘ஸலாமத்’தின் வழிவந்தது அது.

பிறப்பு, சுன்னத்து, திருமணம், மரணம் என எது நேரினும் இவ்விருந்து நடைபெறும். வீட்டுப் பெண்கள் கூடிச் சமைப்பர். கூம்பாகக் குவித்த ‘தும்பெங்’ சோறு, முழுக்கோழி, தேங்காய்த் துருவல் கலந்த காய்கறி, பெயரிலும் உருவிலும் நம் ஆப்பத்தை நினைவூட்டும் ‘அப்பெம்’ ஆகியவை பாயின்மீது வைக்கப்படும். அண்டை வீட்டு ஆண்கள் சுற்றி அமர்வர். வீட்டுக்காரர் விருந்தின் நோக்கத்தை உயர்ந்த ஜாவானிய நடையில் கூறுவார். ‘மோதின்’ அரபியில் துஆ ஓதுவார். மற்றவர்கள் ஆமீன் சொல்வர். நம்மூர் மோதினாரைப் போலவே இச்சொல்லும் ‘முஅத்தின்’ என்பதன் திரிபாகும். சில கவளங்கள் உண்டபின், எஞ்சியதை வாழையிலையில் பொதிந்து இல்லம் கொண்டு செல்வர். அப்பொதியின் பெயர் ‘பெர்கத்’. நாம் கூறும் பரக்கத்துதான்.

1953 முதல் 1954 வரை கிழக்கு ஜாவாவில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1960இல் வெளியிட்ட நூலில், இவ்விருந்தை இஸ்லாத்துக்கு முந்திய ஆவி நம்பிக்கைகளோடு பெரிதும் இணைத்துப் பேசினார். 1988இல் மார்க் வுட்வர்ட் அதனை மறுத்து, உணவளித்தல், ஸதகா பற்றிய இஸ்லாமியப் போதனைகளில் இதன் வேர் இருப்பதாக வாதிட்டார். மேலே கண்ட சொற்களை நோக்குமிடத்து வுட்வர்டின் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது என்பதே நம் கருத்து.

அந்நாட்டு உலமாக்களிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு. மரணத்திற்குப்பின் 3, 7, 40, 100, 1000ஆம் நாள்களில் விருந்தளிப்பதை 1912இல் தோன்றிய முஹம்மதிய்யா இயக்கம் ஏற்பதில்லை. 1926இல் தோன்றிய நஹ்ழத்துல் உலமா அதனை ஆதரிக்கிறது. இரு தரப்பிலும் கற்றறிந்தோர் உளர்.

ஆயினும் நம் வாசகர் உளங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஸ்லமெத்தானுக்கு அண்டை வீட்டாரைத் தெரிந்தெடுத்து அழைப்பதில்லை. அருகில் வாழ்கிறார் என்பதே அழைப்புக்குப் போதுமான காரணம். பிணக்குற்றவரும் அதே பாயில் அமர்வார். விருந்துக்கு வாராத மனைவிக்கும் மக்களுக்கும் பெர்கத் வழியே பங்கு போய்ச் சேரும். நாள் குறிப்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். அண்டை வீட்டாரின் ஹக்கில் எவருக்கும் வேறுபாடில்லை.