எனக்கு வேணும்

பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களைப் படித்துக்கொண்டு போனபோது ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். முத்துக்குளித்துறையில் தன்னோடு வேலை செய்த மன்சிலாஸ் என்ற போர்த்துக்கீசியருக்கு அவர் எழுதிய கடிதம் அது. அந்தக் காலத்துக் கடிதங்கள் எல்லாவற்றையும் போலத்தான் இருக்கிறது: அந்த ஊருக்குப் போ, இவனுக்குப் பணம் கொடு, பிள்ளைகளை விடாமல் கூட்டு என்கிற மாதிரி. நடுவில் ஒரு திருத்தம். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது ‘எனக்கு வேணும்’ என்று இனிமேல் சொல்ல வைக்காதே, அந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல்லைப் போடு, ‘வேணும்’ என்றால் ஆசைப்படுகிறேன் என்றுதான் அர்த்தமாம் என்கிறார். போர்த்துக்கீசிய எழுத்துக்குள் நம்ம ஊர் ‘வேணும்’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அதாவது, அதுவரை கடற்கரை மக்கள் காலையிலும் மாலையிலும் கூடி நின்று ‘சர்வேசுரனை விசுவசிக்கிறேன்’ என்று சொல்லவில்லை. ‘சர்வேசுரன் எனக்கு வேணும்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தப்பு மொழிபெயர்ப்பாளருடையது. தமிழ் தெரியாத சவேரியார் அதை மனப்பாடம் பண்ணி, அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

படித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், அந்த மக்களின் நிலையை அந்தத் தப்பான சொல்தான் சரியாகச் சொல்கிறது என்று தோன்றியது. அவர்கள் கிறிஸ்தவர்களானது வேண்டியது ஒன்று இருந்ததால்தான்.

*

கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட கரையில் முத்துக்குளிப்பைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் பரவர்கள். 1530களில் அவர்களுக்கும் அதே கடலில் அதே தொழில் செய்த முஸ்லிம்களுக்கும் பெரிய பகை மூண்டது. சண்டையில் ஒரு பரவரின் காது, நகையோடு சேர்த்து அறுக்கப்பட்டது, அதிலிருந்துதான் கொலைகள் தொடங்கின என்று கரையில் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, சிப்பிப்படுகை யார் கையில் என்பதுதான் வழக்கின் வேர். இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள், இரண்டு பக்கமும் மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில் குதிரை வியாபாரத்துக்கு அங்கே வந்தவர் ஜோவாம் தா குரூஸ். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் தூதராக லிஸ்பனுக்குப் போய், அங்கே கிறிஸ்தவராகித் திரும்பியவர். போர்த்துக்கீசியரிடம் போங்கள், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் உங்களைக் காப்பாற்றுவார்கள் என்று அவர் வழி சொன்னார். பட்டங்கட்டிகள் என்ற ஊர்த்தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். பேச்சு முடிந்தது. 1535 முதல் 1537 வரை, ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடந்தது. சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

வரலாற்றில் இதைவிட வெளிப்படையான ஒப்பந்தத்தைப் பார்ப்பது கஷ்டம். நீங்கள் எங்களைக் காப்பாற்றுங்கள், நாங்கள் உங்கள் மதத்துக்கு வருகிறோம். போர்த்துக்கீசியர் தங்கள் பங்கை முதலில் செய்யவும் செய்தார்கள். 1538-இல் வேதாளையில் மார்த்திம் அபோன்சோ தெ சோசாவின் படை கோழிக்கோட்டுக் கப்பற்படையை முறியடித்தது. முத்துச் சலாபம் பரவர் கைக்கு வந்தது. அதாவது, போர்த்துக்கீசியரின் மேற்பார்வையில் பரவர் கைக்கு.

அதற்குப் பிறகு மறந்துவிட்டார்கள்.

*

நான் மறதி என்று சொல்வது ஞாபகப் பிசகை இல்லை. கொச்சியிலும் கோவாவிலும் முத்துக்குளித்துறை யாருக்கும் மறக்கவில்லை. வரிப்பணம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. போர்ச்சுகல் ராணி காத்தரீனாளின் காலணிச் செலவுக்கென்றே பரவர்கள் வருஷத்துக்கு 4,000 பணம் கட்டினார்கள். மறந்தது மனிதர்களை. 1542 அக்டோபரில் சவேரியார் வந்து இறங்கியபோது, ஞானஸ்நானம் பெற்று ஐந்தாறு வருஷம் ஆகியும் அவர்களுக்கு ஒரு செபம்கூடச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை என்று அந்த மாதமே தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதுகிறார். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. சொல்லிக்கொடுக்க யாருமில்லையே, எப்படித் தெரியும் என்கிற ஆதங்கம்தான்.

சவேரியார் மறதிக்கு எதிராகச் செய்த வேலை மிக எளிமையானது. ஆள் பிடித்துச் செபங்களைத் தமிழாக்கினார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். வரிவரியாகத் தான் சொல்ல, அவர்களைத் திரும்பச் சொல்ல வைத்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும். அடுத்த ஊருக்குப் போகும்போது இந்த ஊரில் ஒருவரை நியமித்துவிட்டுப் போவார். கணக்கப்பிள்ளை என்று அவருக்குப் பெயர். கோயிலைத் திறந்து, செபம் சொல்லிக்கொடுத்து, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர் வேலை. அவர்களுக்குச் சம்பளம்? ராணியின் காலணிப் பணத்தைத்தான் கேட்டு வாங்கினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல காலணி உங்களுக்குக் கிடைக்காது என்கிற பாவனையில் ராணிக்கு எழுதியிருக்கிறார்.

இதில் இன்றைக்கு நம்மால் ஏற்க முடியாததும் உண்டு. பெற்றோர் ரகசியமாகக் கும்பிடுகிற சாமி சிலைகளைப் பிள்ளைகள் காட்டிக்கொடுப்பதையும் உடைப்பதையும் சந்தோஷமாக எழுதுகிறார். சாராயம் குடிக்கிறவர்களுக்கு அபராதமும் சிறையும் விதிக்கிறார். ஞாபகத்தை அன்பால் மட்டும் ஊட்டவில்லை, பயத்தாலும் ஊட்டினார். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அதுவும் ஒருவகை மறதிதான்.

ஆனால் ஒன்று. அந்த ஒப்பந்தத்தில் போர்த்துக்கீசியர் பக்கத்துக் கடனைத் தன் கடனாக எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான். 1544 ஜூனில் வடுகர் படை தெற்குக் கரையைச் சூறையாடியது. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறிப் பசியிலும் தாகத்திலும் கிடந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்காற்று விடவில்லை. திரும்பி வந்து, தரைவழியாக நடந்தே அங்கே போனார். அதே காலத்தில், அந்த மக்களைக் காப்பாற்ற வேண்டிய போர்த்துக்கீசியத் தளபதி குதிரை விற்றுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சவேரியார் எழுதுகிற வரிகளில் நெருப்பு இருக்கிறது. 1545 ஜனவரியில் அரசர் மூன்றாம் ஜானுக்கே எழுதினார்: வரிப்பணம் குறைந்தால் அதிகாரிகளைத் தண்டிக்கிறீர்களே, என் காரியத்துக்குக் குறுக்கே நின்றவர்களை ஏன் தண்டிக்கவில்லை என்று கடவுள் உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பது அதன் சாரம். ஒரு பாதிரியார் அரசருக்கு எழுதும் கடிதத்தின் பாஷையா இது?

1549-இல் வேதாளையில் இன்னும் தெளிவாக ஒன்று நடந்தது. ராமேஸ்வரத்துக்குப் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துக்கீசியர் வழிமறித்துப் பணம் பிடுங்கினார்கள். கோபத்தில் படை திரண்டு வந்தது. அங்கிருந்த இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி, பெண்களையும் பிள்ளைகளையும் கப்பலில் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் கரையிலேயே நின்றார். கொல்லப்பட்டார். வாக்குக் கொடுத்த அரசின் ஆட்கள் சுங்கம் வசூலித்தார்கள். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடாதவர் அதன் விலையைக் கொடுத்தார்.

*

பரவர்கள் பக்கம் என்ன ஆயிற்று என்பதுதான் என்னை அதிகம் ஈர்க்கும் கேள்வி.

சவேரியார் இரண்டே வருஷத்தில் வேறு நாடுகளுக்குப் புறப்பட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த அண்டிரீக்கு பாதிரியார் என்கிற என்ரீக்கே என்ரீக்கஸ் சாகும்வரை, 1600 வரை, இந்தக் கரையிலேயே இருந்தார். தமிழை முறையாகக் கற்றார். அவர் தமிழாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சாகியது. இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில், இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் அதுதான். அச்சுக்கு ஆன செலவில் பரவர்களின் பணமும் உண்டு. மனப்பாடத்தை மட்டும் நம்பியிருந்த ஞாபகத்துக்குக் காகிதம் கிடைத்தது.

1658-இல் எல்லாம் தலைகீழானது. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியக் கப்பல்கள் போய்விட்டன. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதிய எஜமானர்கள் புராட்டஸ்டண்டுகள். மக்களைத் தங்கள் பக்கம் இழுக்க பால்தேயுஸ் என்ற போதகரைக் கொண்டுவந்தார்கள்.

இப்போது அந்தப் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காப்பாற்றுவதாகச் சொன்னவன் இல்லை. சலாபத்தின் கட்டுப்பாடு டச்சுக் கம்பெனியிடம் இருக்கிறது. எதற்காக ஞானஸ்நானம் வாங்கினார்களோ அந்தக் காரணமே கரைந்துவிட்டது. வியாபாரக் கணக்குப்படி, புது எஜமானனின் மதத்துக்குப் போவதுதான் நியாயம். நூறு வருஷத்துக்கு முன் அவர்கள் பாட்டன்மார் அதைத்தானே செய்தார்கள்?

போகவில்லை. பால்தேயுஸ் சளைக்காமல் முயன்றார், பலன் இல்லை. 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான தன் புத்தகத்தில் பரவர்களின் பிடிவாதத்தை அவரே ஒப்புக்கொள்கிறார். டச்சு எல்லைக்கு வெளியே, உள்நாட்டு ஊர்களில் குருக்கள் இருந்த இடம் தேடி மக்கள் போனார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு, பிறகு கலியாணத்துக்கு, பிறகு திருநாளுக்கு. கடைசியில் கம்பெனிதான் இறங்கி வந்தது. 1713-இல், டச்சுக்காரர் ஆட்சி நடக்கும்போதே, தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் எழுந்தது.

இதற்கு வேறு விளக்கங்கள் இல்லாமல் இல்லை. பரவர்களின் கத்தோலிக்கம் அதற்குள் அவர்களுடைய சாதியமைப்போடு ஒன்றாகிவிட்டது, சாதித்தலைவனின் அதிகாரமும் மாதாவின் தேரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன என்று சூசன் பெய்லி போன்ற வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். முத்துக்குளிக்க ஆள் வேண்டியிருந்ததால் கம்பெனி ரொம்ப நெருக்கவில்லை என்பதும் உண்மை. நான் இதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் சாதியும் தேரும் திருநாளும் ஞாபகத்துக்கு எதிரானவையா என்ன? தனி மனுஷன் மறப்பான். மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் ஊர் சேர்ந்து தேர் இழுக்கிறது, மணி அடிக்கிறது, பிள்ளைகளை நிற்க வைத்துச் சொல்லவைக்கிறது.

திருச்சபையும் இந்த மக்களை எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வேதம் வந்து 386 வருஷம் கழித்து, 1923-இல்தான் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, திபூர்சியுஸ் ரோச் அதன் ஆயரானார். நவீன காலத்தில் லத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் இந்தியர் அவர். இத்தனை தலைமுறைகள் கோயில் கட்டப் பணம் கொடுத்தும், அதன் பீடத்தில் தங்கள் நாட்டு ஆயர் ஒருவரைப் பார்க்க அவ்வளவு காலம் ஆனது.

*

பயத்தில் கொடுத்த வாக்கு வாக்கே இல்லை, லாபத்துக்காகச் செய்த விசுவாசம் விசுவாசமே இல்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனம் அப்படித்தான் வந்தது. நேர்ச்சை நேரும்போது நம்மில் யார் பரிசுத்தமான எண்ணத்தோடு நேர்கிறோம்? பிள்ளைக்குக் காய்ச்சல், கோர்ட்டில் வழக்கு, கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. வேணும், அதனால் நேர்கிறோம். வேண்டியது கிடைத்த மறுவாரம் மறந்தும்விடுகிறோம். “நேர்ந்துக்கிட்டத செய்யாம இருந்தா மாதா ஒண்ணும் செய்ய மாட்டா, நமக்குத்தான் மனசு இருண்டுபோவும்” என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்.

வாக்கின் தரம் அது கொடுக்கப்பட்ட நாளில் தெரிவதில்லை என்பதுதான் இந்தக் கரையின் வரலாறு எனக்குச் சொல்வது. எதிர்ப்பக்கம் மறந்துபோன பிறகு, கிடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகு என்ன செய்கிறோம் என்பதில் அது தெரிகிறது. கொச்சியில் பேசி முடித்த அன்று பரவர்கள் சொன்னது ‘எனக்கு வேணும்.’ 1658-க்குப் பிறகு, கையில் குழந்தையோடு டச்சு எல்லையைத் தாண்டி நடந்த அந்த அம்மாக்கள் சொன்னது வேறு. நடுவில் நூற்றிருபது வருஷம். அவ்வளவு காலம் எடுத்தது அந்த ஒரு சொல்லைத் திருத்த.

பாஸ்கா இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறோம். குரு கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம். வருஷா வருஷம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை. ஒரு தடவை சொன்னால் போதாதா? மறந்துபோவோம் என்று தெரிந்துதான் கேட்கிறார்கள். பதில் சொல்லும்போது என் மனதில் முதலில் வருவது இன்னமும் ‘வேணும்’ என்பதுதான். வாயால் ‘விசுவசிக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்கிறேன்.